வீட்டுக்குள் நடந்த தவம்

தவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் காட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு குகை, ஒரு மரத்தடி, சடைமுடி, மூடிய கண்கள். வீட்டை விட்டுப் போனவருக்குத்தான் தவம் என்று சிறுவயதிலேயே எங்கோ பதிந்துபோயிற்று. திருவள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. தவம் பற்றிய 27ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே அதன் வடிவம் எது என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறார். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வது, பிற உயிருக்குத் துன்பம் இழைக்காமல் இருப்பது. காடு அந்தக் குறளில் இல்லை. காவியும் இல்லை. இந்த இரண்டும் எங்கே நடந்தாலும் அங்கே தவம் நடக்கிறது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த நம் வீடுகளுக்குள் அது நெடுங்காலம் நடந்திருக்கிறது. அதே கூரையின் கீழ் வளர்ந்த நாம் கொஞ்சம் பிந்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான். பிந்தியதற்காக வருந்த வேண்டாம். மெல்லப் பார்ப்போம்.

ஸ்காபரோவின் அடுக்குமாடி, கிழக்கு லண்டனின் வரிசை வீடு, பாரிஸ் புறநகரின் இரண்டு அறைகள் என்று எந்த வீடாகவும் இருக்கட்டும். கதவைத் திறந்ததும் சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்திலேயே நின்றுவிடுவோம். அங்கே பிள்ளைகளின் பனிச்சப்பாத்துகள் இருக்கும். அவை குளிர்காலத்துக்குக் குளிர்காலம் புதிதாக வந்தவை. ஓரமாக அப்பாவின் சோடி இருக்கும். அது மட்டும் மாறுவதில்லை. பிள்ளைகளின் கால் வளர்ந்தது, அதனால் புதியது தேவைப்பட்டது என்பது உண்மைதான். அப்பாவின் கால் வளரவில்லை. ஆனால் அவருடைய சப்பாத்துக்குள் ஈரம் புகுந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

உள்ளே போவோம். பிரிட்ஜைத் திறந்தால் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குள் கறி இருக்கும். ஞாயிறு பின்னேரம் முழுக்க நின்று சமைத்து, கிழமைநாட்களுக்கென்று அம்மா பிரித்து வைத்தது. அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ் இருக்கும். அதற்குள் ஒரு பைல். அகதி விண்ணப்பத்தின் பிரதி, பழைய கடவுச்சீட்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரம், ஊர்க் காணியின் உறுதி. அந்தக் காணி வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டிருந்தாலும், உறுதி மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். அம்மாவின் கழுத்தைப் பார்த்தால், பழைய கல்யாணப் படத்தில் இருக்கும் நகைகளில் பாதி இப்போது இல்லை. அவை எங்கே போயின என்று நாம் கேட்டதில்லை. ஏஜென்சிக்குக் கட்டிய காசாக, தம்பியை வெளியே எடுத்த காசாக, வீட்டின் முதற் பணமாக அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போயிருக்கின்றன.

இவற்றை நாம் தினமும் கண்டோம். கண்டும் பார்க்கவில்லை. பிள்ளைப் பருவத்தின் இயல்பு அது. கையில் கிடைப்பதைப் பிள்ளை வாங்கிக்கொள்ளும். கொடுத்த கையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்றவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். துன்பத்தின் வாசனை பிள்ளையின் சோற்றில் படக்கூடாது என்று நினைத்தார்கள். தாங்கிக்கொள்வது ஒரு தவம் என்றால், தாங்கிக்கொள்வது தெரியாமல் தாங்கிக்கொள்வது அதனினும் கடினமான தவம்.

எதைத் தாங்கினார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகுதான் பெருந்தொகையானோர் கடல் கடந்தார்கள். 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் மூடுபனிக்குள் அலைந்துகொண்டிருந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். முதலில் கண்டு உதவிக்கு வந்தவர் குஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அந்தப் படகுகளில் இருந்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களும், அவர்களைப் போல வேறு வேறு வழிகளில் வந்தவர்களும், ரொறன்ரோவில் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். விடிய முன்னர் பனிக்குள் பேப்பர் போட்டார்கள். சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவினார்கள். நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் ஆலைகளில் நின்றார்கள். அப்பா இரவு வேலை முடிந்து வரும் நேரமும் அம்மா காலை வேலைக்குப் புறப்படும் நேரமும் ஒன்றாயிருந்த வீடுகள் எத்தனையோ. வாசலில் கார்ச்சாவியும் கைக்குழந்தையும் கைமாறும். இருவரும் பேசிக்கொள்ள அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது. அந்த நிமிடத்திலும் பேசியது பிள்ளையின் இருமலைப் பற்றியும் பால்போத்தலைப் பற்றியும்தான்.

உடல் உழைப்பைப் பற்றி நாம் ஓரளவு பேசுகிறோம். இன்னொரு துறவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. என் மனம் அதன் முன்தான் அதிக நேரம் நிற்கிறது. ஊரில் ஆசிரியராக இருந்தவர், கோயில் திருவிழாவில் சொற்பொழிவாற்றியவர், சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றால் நாலு பேர் பேச்சை நிறுத்திக் கேட்ட மனிதர் இங்கே வந்ததும் மொழியை இழந்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்குப் போய்ச் சிறிய நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையின் ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்தது. சில சமயம் அந்தப் பிள்ளை வெட்கப்பட்டது. அவர் அதைக் கண்டார். கண்டும் மறுமுறை வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார்.

துறவிகள் பொன்னை விட்டார்கள், மண்ணை விட்டார்கள் என்று படிக்கிறோம். மதிப்பை விடுவது அவற்றிலும் கடினம். தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த உருவத்தை உதிர விடுவது எல்லாவற்றிலும் கடினம். ஞானநூல்கள் அகந்தை ஒழிதல் என்று எதைச் சொல்கின்றனவோ, அதன் ஒரு பகுதியை இந்த மனிதர்கள் குருவும் மந்திரமும் இல்லாமல், யாரும் மெச்சாத இடத்தில், மேலாளரின் முன்னும் மருத்துவமனை வரவேற்பு மேசையின் முன்னும் செய்து முடித்தார்கள். நாம் அதை அப்பாவின் அரைகுறை ஆங்கிலம் என்று அறிந்துவைத்திருந்தோம்.

அம்மாவின் துறவு வேறு மாதிரி. சங்கீத வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கும் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தாள். எரிபொருள் வீணாகும் என்று எஞ்சினை நிறுத்தி, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து உறங்கினாள். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த நீண்ட ஓய்வு அதுவாகக்கூட இருந்திருக்கும். வகுப்பு முடிந்து பிள்ளை கண்ணாடியைத் தட்டியதும் விழித்து, “இன்றைக்கு என்ன சொல்லித் தந்தவை?” என்று கேட்டாள்.

இத்தனையும் இருந்தும் நம் மனத்தில் ஏன் ஒரு குறை கிடக்கிறது? இதை மறைக்காமல் பார்ப்போம். நம்மில் பலருக்குப் பெற்றோர் மீது ஒரு வழக்கு உண்டு. அப்பா அணைத்துக்கொண்டதில்லை. அம்மா பாராட்டியதில்லை. பள்ளித் தோழர்களின் வீடுகளில் அன்பைச் சொல்லாகச் சொன்னார்கள்; நம் வீட்டில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்கள். மனம் தனக்கு வேண்டிய உருவத்தில் அன்பைக் கேட்கிறது. அந்த உருவத்தில் வராதபோது அன்பே வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆசையின் வேலையே இதுதான். இல்லாததன் மேல் கண்ணைக் கட்டிவைத்து, இருப்பதைக் காணவிடாமல் செய்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் நின்று, கிணற்றில் ஊறும். அங்கே தண்ணீர் வேண்டுமென்றால் குனிந்து அள்ள வேண்டும். அந்த மண்ணில் பிறந்தவர்களின் அன்பும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மேலே ஓடிச் சலசலக்கவில்லை. ஆனால் எந்தக் கோடையிலும் நம் வீட்டில் தண்ணீர் இல்லாமற் போகவில்லை.

இதை உணரும்போது மனம் கொஞ்சம் இளகுகிறது. இளகியதும் வேறொரு தொந்தரவு வந்து நிற்கிறது. அது குற்ற உணர்வு. இவ்வளவு செய்தார்களே, நான் என்ன திருப்பிச் செய்தேன் என்ற கணக்கு. இந்தக் கணக்கைக் கையில் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். குற்ற உணர்வு நன்றியைப் போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அது மறுபடியும் ‘நான், நான்’ என்றே சுற்றுகிறது. என் கடன், என் தவறு, என் தகுதியின்மை. அதில் அப்பாவின் முகம் எங்கே இருக்கிறது? நன்றி நம்மை நம்மிடமிருந்து திருப்பி அவர்களைப் பார்க்க வைக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போது கணக்கு மறந்துபோகிறது. கணக்கு மறந்த இடத்தில் அமைதி தானாக வந்து உட்கார்கிறது. அதை வரவழைக்க வேண்டியதில்லை. அது நமக்குள் ஏற்கெனவே இருப்பதுதான்.

எல்லா வீடும் ஒன்றல்ல. சில வீடுகளில் போரின் காயம் பேச்சில்லாத மௌனமாகக் கிடந்தது. சில வீடுகளில் குடியாகவும் கோபமாகவும் வெளியே வந்தது. அடி வாங்கி வளர்ந்தவரிடம் போய் நன்றியோடு இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வள்ளுவரின் வடிவத்தில் இரண்டாவது பாதியும் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. பிற உயிருக்குத் துன்பம் செய்யாமை. அந்தப் பாதியில் தவறிய பெற்றோரும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர், வலித்ததை வலித்தது என்றே வைத்துக்கொண்டு, தாங்கியதைத் தாங்கியது என்றும் பார்க்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளத்தை எதற்கும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பெற்றோரின் மனத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலோ, 2002இல் குடமுழுக்குக் கண்ட ஜெர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலிலோ, அர்ச்சனை வரிசையில் நிற்கும் அம்மாவைக் கவனியுங்கள். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்கிறார். பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமும் ஒவ்வொன்றாக வருகின்றன. மருமகனுடையது வருகிறது, பேரப்பிள்ளையுடையது வருகிறது. அவளுடையது வருவதில்லை. தேவாலயத்தில் மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றும் தாயிடமும் இதே பட்டியல்தான். தனக்கென்று கேட்க ஒன்றுமில்லாத நிலைக்கு அவள் வந்துவிட்டாள். ஆனால் ஆசை அறுந்துவிட்டதா? அறவில்லை. அது இடம் மாறிப் பிள்ளையின் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை டாக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும், நாங்கள் பட்டபாடு வீண்போகக் கூடாது. அன்பின் எடையும் இந்த ஆசையின் எடையும் ஒன்றாகக் கலந்து அழுத்தியதால்தான் பல பிள்ளைகளால் அன்பை அன்பாக உணர முடியவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் ஒரு தந்தையாகவோ தாயாகவோ இருந்தால், அந்த எடையை மெதுவாக இறக்கி வையுங்கள். நீங்கள் செய்தது வீண்போகவில்லை. பிள்ளை எந்தத் தொழில் செய்தாலும், யாரை மணந்தாலும், நீங்கள் தாங்கியது தாங்கியதுதான். அதற்குப் பலன் ஒன்று வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் நினைவுக்கு வருகிறார். 1896இல், 16 வயதில், மகன் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அன்னை 1898இல் தேடி வந்து அழுதார், கெஞ்சினார், கோபித்தார். மகன் அசையவில்லை. நடக்க வேண்டியதே நடக்கும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்னை திரும்பிப் போனார். பல ஆண்டுகள் கழித்து 1916இல் மறுபடி வந்தார். இம்முறை மகனைக் கூட்டிப்போக வரவில்லை, அவரோடு இருக்க வந்தார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடியவர்களுக்குச் சமைத்தார். மகன் இப்படி ஆக வேண்டும் என்ற ஆசை உதிர்ந்தபின், கைகளில் சமையல் மட்டும் மிஞ்சியது. 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும் வேளையில், ரமணர் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மற்றதைத் தலையிலும் வைத்தபடி கடைசிவரை அருகிலேயே இருந்தார். பிறகு தாயின் சமாதி அமைந்த மலையடிவாரத்துக்கே இறங்கி வந்து தங்கிவிட்டார். இன்று நாம் காணும் ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. நான் யார் என்று கேட்டு எல்லா உறவுகளுக்கும் அப்பால் போன ஒருவர், தாயிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஞானம் உறவை மறுப்பதில்லை; உறவுக்குள் இருந்த பிடியைத்தான் தளர்த்துகிறது. இந்த வரலாறு எனக்குத் தந்த ஆறுதல் பெரிது.

நாம் மலையேற வேண்டியதில்லை. இரவில் படுக்கப் போகுமுன் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்தால் போதும். மூச்சு தன் போக்கில் வந்து போகட்டும். வீட்டிலிருந்த ஒரே ஒரு பொருளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அப்பாவின் மதியச் சாப்பாட்டுப் பெட்டி, அம்மாவின் வேலைச் சீருடை, ஊருக்குப் பேச வாங்கிச் சுரண்டி எறிந்த ரெலிபோன் காட், சீட்டுக்காசு எழுதிய கொப்பி, எதுவானாலும் சரி. அதை ஆராய வேண்டாம், அதற்காக அழவும் வேண்டாம். அந்தப் பொருளைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். மனம் வேறெங்கோ ஓடும். ஓடட்டும். திரும்பி வரும்போது கை அங்கேயே இருக்கும். பத்து நிமிடம் இப்படி இருந்தவர்களுக்கு, நெஞ்சுக்குள் நெடுநாளாக இறுகிக் கிடந்த ஒன்று கொஞ்சம் தளர்வது தெரியும். பெற்றோர் மறைந்துவிட்டவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. கைகள் நினைவில் சாவதில்லை.

அவர்கள் இன்னும் நம்மோடு இருந்தால், கண்ணை மூடிப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். பெரிய பேச்சுப் பேச வேண்டியதில்லை. தியாகம் என்று சொன்னால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்கள். வந்த புதிதில் முதல் வேலை எங்கே, என்ன வேலை, யார் சேர்த்துவிட்டது, முதற் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். முதலில் அதெல்லாம் எதற்கு என்பார்கள். காத்திருங்கள். பிறகு பேசத் தொடங்குவார்கள். பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும். மிச்சத்தை இன்னொரு நாள் சொல்வார்கள். குறுக்கே எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமையே கேளுங்கள்.